ஐ.ஜி.ஐ பற்றி வந்த கோபங்களும் வேறு சில கேள்விகளும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ ஒரு சுமாரான கேம், நாங்கள்தான் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறோம்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் வைத்தே இந்த இதழை நிரப்பிவிடலாம். இரண்டொருவர் என் அப்பா அம்மாவையும் அன்போடு விசாரித்திருக்கிறார்கள். பரவாயில்லை. இந்த முறை முழுக்க இதே கதைதான்: அளவுக்கு மீறிப் புகழப்பட்ட கேம்கள், அநியாயமாகத் திட்டு வாங்கிய கேம்கள்.

கேள்வி (கணினி நிலையம் நடத்துபவர், கிளிநொச்சி): அண்ணை, ஐ.ஜி.ஐ சுமாரா? எங்கள் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரைக்கும் பெடியள் கேட்டு விளையாடுகிற கேம் அது. சுமாரான கேமை இத்தனை வருஷம் எவன் விளையாடுவான்?

பதில்: நாங்கள் விளையாடுவோம் தம்பி. அதுதான் என் கதையே.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த, தனி ஆளாக எதிரி முகாமுக்குள் புகுந்து சுடுகிற துப்பாக்கி கேம். நோர்வேயில் இருந்த இன்னர்லூப் என்ற நிறுவனம் செய்தது. அவர்கள் அதற்கு முன்னர் ஜொயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர் என்று ஒரு போர்விமான கேம் செய்தவர்கள், அந்தக் கேமின் எஞ்சினை, அதாவது உள்ளே ஓடுகிற மென்பொருளை, எடுத்துத்தான் ஐ.ஜி.ஐயைக் கட்டினார்கள். அதனால்தான் அந்தக் காலத்து மற்றத் துப்பாக்கி கேம்கள் எல்லாம் ஒடுங்கின நடைபாதைக்குள் ஓடிக்கொண்டிருக்க, இதில் மட்டும் மலையும் வெளியும் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கிடக்கிறது. முதல் மிஷனான ட்ரெயின்யார்டில் மேட்டில் நின்று தொலைநோக்கியால் கீழே பார்த்து, யார் எங்கே நிற்கிறான் என்று ஒவ்வொருவராக எண்ணி, பிறகு அந்த மேப் கொம்பியூட்டரைத் திறந்தால் சட்டலைட்டில் இருந்து பார்க்கிறமாதிரி முழு முகாமும் உயிரோடு அசையும். 2000இல் அது சும்மா விஷயமில்லை. அதற்கு நான் இன்றைக்கும் கைதட்டுவேன்.

சரி, மிச்சம்? அலாரம் அடித்தால் வெறும் கட்டிடத்துக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அவ்வளவு பேரும் அதற்குள் எப்படி இருந்தார்கள் என்று கேட்கக்கூடாது. எதிரிகளுக்கு மூளை கிடையாது, ஆனால் தூரத்தில் இருந்து குறி மட்டும் தப்பாது. நண்பனோடு சேர்ந்து விளையாட வழியில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மிஷனுக்கு நடுவில் சேவ் பண்ண முடியாது. இருபது நிமிஷம் ஊர்ந்து ஊர்ந்து போய் கடைசிக் கதவடியில் செத்தால் திரும்பவும் முதலில் இருந்து. இது ஏதோ நான் கண்டுபிடித்த குறை இல்லை, கேம் வந்த நேரத்திலேயே விமர்சகர்கள் எழுதினதுதான். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் நடுவில் சேவ் பண்ண விட்டார்கள், அதுவும் அளவோடு.

இப்போது எங்கள் ஊரை யோசித்துப் பாருங்கள். மீள்குடியேறி, கரண்ட் வந்தும் வராமலும் இருந்த காலம். கொழும்பில் கழித்த கொம்பியூட்டர்கள் வந்து இறங்கின. யூ.பி.எஸ் என்பது அலுவலகங்களில் மட்டும் இருக்கும் சாமான். அந்த நேரத்தில், சேவ் பண்ண முடியாத ஒரு கேமை, எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத ஒரு ஊரில் விளையாடினோம்! உலகத்திலேயே ஐ.ஜி.ஐ விளையாடப் பொருத்தமில்லாத இடம் என்று ஒன்று இருந்தால் அது 2011ஆம் ஆண்டு வன்னிதான். ஆனாலும் விளையாடினோம், ஏனென்றால் அந்தக் கொம்பியூட்டரில் ஓடினது அதுதான், இன்டர்நெட் கேட்கவில்லை, ஒரு சி.டி.யில் இருந்து பத்து இடத்துக்குக் கொப்பி போனது. பத்து வருஷம் பிந்தி வந்த கேம் எங்களுக்குப் புதுக் கேம். ஒருவன் கடைசி மிஷனில் நிற்க, பின்னால் ஆறு பேர் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்க்க, கரண்ட் போய், எல்லாரும் ஒரே குரலில் கத்தின கத்தலை நீங்களும் கேட்டிருப்பீர்கள், உங்கள் நிலையத்திலும் அது நடந்திருக்கும். அந்தக் கத்தலை நாங்கள் விரும்புகிறோம். அது வேறு, கேம் வேறு. இதைத்தான் போன இதழில் சொல்ல வந்தேன், இடம் பற்றவில்லை.

கேள்வி (முரசுமோட்டை வாசகர்): அப்படிப் பார்த்தால் வைஸ் சிட்டியும் சுமாரா?

பதில்: இல்லை. காரைத் திருடிக்கொண்டு நகரம் சுற்றுகிற அந்த ஜி.டி.ஏ கேம் உண்மையிலேயே நல்ல கேம். ஆனால் எங்களில் எத்தனை பேர் அதை விளையாடினோம் என்று கேட்டால் சிரிப்பு வரும். கதையை நாங்கள் தொடவில்லை, சீட் கோட் என்கிற குறுக்குவழிச் சொற்களை அடித்ததுதான். ஆங்கிலப் பாடத்தில் ஒரு வசனம் எழுதச் சொன்னால் பேனையைக் கடித்துக்கொண்டிருப்பவன்கூட 'லீவ்மீஅலோன்' என்று எழுத்துப் பிழையில்லாமல் கண்மூடித் திறக்க முதல் அடிப்பான், பொலிஸ் போய்விடும். 'பான்சர்' என்று அடித்தால் டாங்கி வந்து விழும். இதுதான் எங்களுக்கு வைஸ் சிட்டி. மிஷன் செய்தவர்களும் அந்த ரிமோட் ஹெலிகொப்டரில் குண்டு தூக்கி வைக்கும் டெமோலிஷன் மேன் என்ற மிஷனோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியேறினவர்கள். கீபோர்டில் அதை ஓட்டுவது பாவச் செயல். 2002இல் பிளேஸ்டேஷன் 2இன் பொத்தான்களுக்காகச் செய்த கேம், கொம்பியூட்டருக்கு வந்தது அடுத்த வருஷம்தான்.

2021இல் வைஸ் சிட்டி உட்பட ஜி.டி.ஏ வரிசையின் பழைய மூன்று கேம்களையும் புதுப்பித்து ஒன்றாக விட்டார்களே, அதைத் திட்டினவர்கள் சரியாகத்தான் திட்டினார்கள். வந்த நேரத்தில் மழை பெய்தால் முன்னால் ரோட்டே தெரியவில்லை, ஆட்களின் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி இருந்தது. அந்தத் திட்டில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி (போன் திருத்துபவர், மாங்குளம்): என் கடைக்கு வருகிற பெடியளில் பப்ஜிக்காரர் ஃப்ரீ ஃபயர்காரரை மனுஷராகவே மதிப்பதில்லை. 'கார்ட்டூன் கேம்' என்று நக்கல். ஃப்ரீ ஃபயர் உண்மையிலேயே அவ்வளவு மட்டமா?

பதில்: மட்டமில்லை. இந்தப் பத்தியில் நான் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று கனநாளாக நினைத்த கேம் அது.

நீங்கள் போன் திருத்துகிறவர், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் மேசைக்கு வருகிற போன்களில் எத்தனை போனில் பப்ஜி திணறாமல் ஓடும்? ஃப்ரீ ஃபயர் 2017இல் வந்தபோதே, ராம் குறைந்த, விலை குறைந்த போனுக்கு என்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. ஐம்பது பேர், சின்னத் தீவு, கடைசியாக மிஞ்சுகிறவன் வெல்வான், பத்து நிமிஷத்தில் ஒரு மெட்ச் முடிந்துவிடும். பப்ஜி மொபைல் 2018இல் வந்தது, நூறு பேர், எரங்கல் மேப்பில் கடைசி வரைக்கும் நின்றால் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலம் சிக்னல் விழாமல் நிற்க, பற்றரி இறங்காமல் இருக்க, வீட்டில் யாரும் போனைக் கேட்காமல் இருக்க, இதெல்லாம் ஒன்றாக அமைய வேண்டுமே. அப்பாவின் போனை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் வாங்கி விளையாடுகிற பிள்ளைக்கு எந்தக் கேம் சரிவரும் என்று யோசித்தால் இந்தச் சண்டையே தேவையில்லை. படம் கார்ட்டூன் மாதிரி இருப்பது அது ஓடுவதற்குக் கொடுத்த விலை.

திறமை தேவையில்லை என்று ஒரு நக்கலும் இருக்கிறது. க்ளூ வால் என்கிற உடனடிச் சுவரை எடுத்துப் பாருங்கள். வெளியில் தனியாக அகப்பட்டு, சூடு விழுகிற அந்த நொடியில் ஒரு விரலால் சுவரைப் போட்டு, குனிந்து, மற்றப் பக்கத்தால் எட்டிப் பார்த்துத் திருப்பிச் சுடுவது. நன்றாக விளையாடுகிறவனின் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டு பெருவிரலும் கண்ணுக்குப் பிடிபடாது. பப்ஜியில் மரத்தைத் தேடி ஓட வேண்டும், இதில் மறைப்பை நீயே போடுகிறாய். அதனால் சண்டையே வேறு மாதிரி. இதை மட்டம் என்று சொல்லுகிறவன் விளையாடவில்லை, யூடியூப்பில் இன்னொருவன் சிரித்ததைப் பார்த்துச் சிரிக்கிறான்.

திட்ட வேண்டிய இடம் வேறு. ஸ்கின், அதாவது ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடுகிற அலங்காரம். சட்டை, தொப்பி என்று அழகுக்கு விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும். ஆனால் சில துப்பாக்கி ஸ்கின்கள் சேதத்தையும் சுடும் வேகத்தையும் கூட்டித் தருகின்றன. அந்த ஸ்கினுக்கு டைமண்ட் வேண்டும், டைமண்டுக்குக் காசு வேண்டும், அதுவும் நேராக வாங்க முடியாமல் சுழற்றிச் சுழற்றி அதிர்ஷ்டம் பார்க்க வேண்டும். காசு உள்ளவனின் துப்பாக்கி கொஞ்சம் கூடுதலாகச் சுடும் என்பது விளையாட்டில் இருக்கக்கூடாத விஷயம். பப்ஜிக்காரர் இதைச் சொல்லித் திட்டினால் நான் பேசாமல் இருப்பேன். அவர்கள் இதை விட்டுவிட்டுக் கார்ட்டூன் என்கிறார்கள்.

கேள்வி (ஒரு தாய், விசுவமடு): ஃப்ரீ ஃபயர் மாதிரியான கேம்களை நீங்கள் எல்லாரும் புகழ்ந்து எழுதுங்கோ. என் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் 'பொறுங்கோ' என்கிறான். இந்தக் கேமை நான் வெறுப்பது அநியாயமா?

பதில்: அநியாயம் இல்லை அம்மா. ஒரு விஷயம் மட்டும். அவன் 'பொறுங்கோ' என்பது எப்போதும் சாட்டு இல்லை, நடுவில் விட்டுப் போனால் கூட விளையாடுகிற மூன்று பேர் தோற்பார்கள், அவர்கள் பெரும்பாலும் அவன் வகுப்புப் பெடியள்தான். 'இப்ப வை' என்பதற்குப் பதிலாக 'இந்த மெட்ச் முடிய வா' என்று சொல்லிப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் முடிகிற கேம் அது. பதினோராவது நிமிஷமும் அவன் எழும்பவில்லை என்றால் உங்கள் பக்கம்தான் நான். ரீலோட் காசை மட்டும் கவனியுங்கள், டேட்டாவுக்கென்று வாங்கி டைமண்டுக்குப் போகிறதா என்று.

கேள்வி (வவுனியா வாசகர்): கிரிக்கெட் 07தான் இன்றுவரைக்கும் வந்த கிரிக்கெட் கேம்களில் முதலிடம். மறுப்பீர்களா?

பதில்: மறுப்பேன், கல்லெறியத் தொடங்கலாம்.

2006 கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு அதைச் செய்த ஈ.ஏ நிறுவனம் கிரிக்கெட் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. அதனால் அது கடைசிப் பிள்ளை, செல்லம் கூட. வர்ணனையில் ரிச்சி பெனோவின் குரல், மார்க் நிக்கலஸின் குரல், ஆஷஸ் பழைய மெட்ச்களுக்குள் போய் முடிவை மாற்றும் பகுதி, எல்லாம் அருமை. ஆனால் விளையாட்டு? சிக்ஸ் போகிற ஒரு அடியைக் கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பந்துவீச்சாளன் வந்தாலும் அதே அடி, அதே இடம். ஐந்து ஓவரில் நூறு அடிக்கிறோம் என்று நாங்கள் பெருமைப்பட்டது கேமின் ஓட்டையை வைத்துத்தான். பந்து எங்கே குத்தும் என்று தரையில் அடையாளமும் போட்டுக் காட்டிவிடும், பிறகென்ன பயம்.

இத்தனை வருஷம் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதைச் செய்த நிறுவனம் இல்லை, ரசிகர்கள். புது உடுப்பு, புது வீரர், புது மைதானம், ஐ.பி.எல் அணிகள் என்று வருஷா வருஷம் பேட்ச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். நீங்கள் முதலிடம் கொடுப்பது அந்தப் பெடியளுக்கு என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அநியாயமாகத் திட்டு வாங்கினது எதுவென்றால் 2014இல் மெல்பேர்ன் நகரத்து பிக் ஆன்ட் நிறுவனம் கொண்டுவந்த டொன் பிராட்மன் கிரிக்கெட். எங்கள் பக்கத்தில் அதைப் போட்ட உடனே அழித்தவர்கள்தான் அதிகம். 'அடிக்க வரவில்லை' என்றார்கள். வராதுதான். ஒரு குச்சியில் கால், மற்றக் குச்சியில் மட்டை என்று கன்ட்ரோலருக்காகச் செய்த கேம், அதைக் கீபோர்டில் விளையாடி கேம் சரியில்லை என்றால் கேம் என்ன செய்யும்? தரையில் அடையாளம் இல்லை, பந்துவீச்சாளன் கையைவிட்டுப் பந்து வருகிற நேரத்துக்குள் நீ முடிவெடுக்க வேண்டும். முதல் நாள் டக் அவுட், இரண்டாம் நாளும் அப்படித்தான், பிறகு ஒருநாள் வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட்டுவிடுவீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் உங்களுக்குக் கிரிக்கெட் விளையாடுகிற உணர்வு வரும். ஒரு பந்தை விட்டதற்காகச் சந்தோஷப்படுவது கிரிக்கெட் 07இல் நடக்காது. பழைய கன்ட்ரோலர் ஒன்றை இரவல் வாங்கியாவது ஒருமுறை முயன்று பாருங்கள்.

உண்மையான குப்பையும் ஒன்று இருக்கிறது, 2013 நவம்பரில் வந்த ஆஷஸ் கிரிக்கெட் 2013. விற்பனைக்கு வந்த சில நாளிலேயே திருப்பி எடுத்து, வாங்கினவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அதற்கு வக்காலத்து வாங்க ஆள் இல்லை, நானும் வாங்கவில்லை.

கேள்வி (வளாக மாணவர், அறிவியல்நகர்): சைபர்பங்க் 2077ஐ வந்த நேரத்தில் எல்லாரும் காறித் துப்பினார்கள், இப்போது எல்லாரும் தலைசிறந்த கேம் என்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும். 2020 டிசம்பரில் பழைய பிளேஸ்டேஷன் 4இல் அதை வாங்கினவன் ஏமாற்றப்பட்டான், கேம் அதில் ஒழுங்காக ஓடவில்லை. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனி தன் கடையில் இருந்தே அதைத் தூக்கியது, அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டெம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு விளையாடினவனுக்குக் கிடைத்தது வேறு கேம். விண்வெளிக் கேமான நோ மேன்ஸ் ஸ்கையும் இதே பாதைதான்: 2016இல் வசவு, 2018இல் ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் வசதி, பிறகு பாராட்டு. காசு கொடுத்து முதல்நாள் வாங்கினவனுக்கு இந்தப் பாராட்டால் ஒரு பயனும் இல்லை, அவன் இன்னும் கோபமாக இருந்தால் அது அவன் உரிமை.

எனக்கு எரிச்சல் வேறு ஆட்களில். கேமை வாங்கவில்லை, ஓடுகிற கொம்பியூட்டரும் இல்லை, மூன்று நிமிஷ வீடியோவில் மனுஷர் சுவருக்குள்ளால் போவதைப் பார்த்துவிட்டுச் சந்தியில் நின்று 'உலகக் குப்பை' என்று தீர்ப்புச் சொன்னவர்கள். அதே ஆட்கள்தான் இப்போது 'அப்பவே சொன்னேன், நல்ல கேம்' என்கிறார்கள். உங்கள் விடுதியிலும் ஒருவர் இருப்பார்.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): உலகின் மிக மோசமான கேம் ஈ.டி என்று எங்கும் போடுகிறார்களே?

பதில்: ஸ்பீல்பெர்க்கின் படத்தை வைத்து 1982இல் அட்டாரி என்ற வீடியோ கேம் பெட்டிக்காகச் செய்தது. செய்தவர் ஹோவர்ட் ஸ்கொட் வார்ஷோ, கிட்டத்தட்டத் தனி ஆள், கொடுத்த காலம் ஐந்து கிழமை, கிறிஸ்மஸ் விற்பனைக்கு வர வேண்டும் என்று. அதே மனுஷர்தான் யார்ஸ் ரிவெஞ்ச் என்ற அருமையான கேமையும் செய்தவர். ஈ.டியில் குழிக்குள் விழுந்துகொண்டே இருப்போம், அது உண்மை. ஆனால் ஐந்து கிழமையில் ஒரு முழு கேம் ஓடுகிறது என்பதும் உண்மை. விற்காத கசெட்டுகளை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரில் புதைத்தார்கள், 2014இல் கிண்டியும் எடுத்தார்கள். புதைத்த கதை பெரிய கதை என்பதால் கேமுக்கு அந்தப் பட்டம். அதைவிட மோசமான நூறு கேம் இப்போது உங்கள் ப்ளே ஸ்டோரில் இருக்கும், அவற்றைப் புதைக்க ஒருவரும் இல்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகி): வெளிநாட்டில் இருக்கிற என் மச்சாள் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற கேமைக் கட்டாயம் விளையாடு என்று வாங்கித் தந்தாள். போரை இதைவிட உண்மையாக ஒரு கேமும் காட்டவில்லை என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் நிறுத்திவிட்டேன். சொன்னால் 'உனக்கு ரசனை இல்லை' என்கிறாள்.

பதில்: தங்கச்சி, போரைப் பற்றிய கேமை ரசிக்கவில்லை என்று வன்னியில் இருக்கிற ஒருவர் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. அது முதல்.

அந்தக் கேம் வாசகர் பலருக்குப் புதிது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். போலந்தின் 11 பிட் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரைக்கும் நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தார்கள். துப்பாக்கி தூக்கினவனை விட்டுவிட்டு, இடிந்த வீட்டுக்குள் மாட்டுப்பட்ட சாதாரண சனத்தைக் காட்டுகிறது. பகலில் ஸ்னைப்பர் பயத்தில் வெளியே போக முடியாது, அடுப்புச் செய்யலாம், மழைத்தண்ணீர் பிடித்து வடிக்கலாம், கிடைக்கிற பலகையைக் கட்டிலாக்குவதா குளிருக்கு எரிப்பதா என்று முடிவெடுக்கலாம். இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய் எதையாவது பொறுக்கி வர வேண்டும். முதுகுப் பையில் இடம் கொஞ்சம். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருப்பார்கள், அவர்களிடம் சாப்பாடும் மருந்தும் இருக்கும், எதிர்க்க மாட்டார்கள், கெஞ்சுவார்கள். எடுத்தால் உன் ஆட்கள் பசியாறுவார்கள், ஆனால் திருடினதை நினைத்து மனம் உடைந்து கிடப்பார்கள். 2020இல் போலந்து அரசு இதைப் பள்ளி மாணவர்களுக்கான பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. இந்த மதிப்பு அதற்குத் தகும் என்றுதான் நினைக்கிறேன், புகழ்ச்சி அநியாயமான புகழ்ச்சி இல்லை.

ஆனால் 'இதைவிட உண்மையாக இல்லை' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்தக் கேமில் வீடு ஒரே இடத்தில் நிற்கிறது. முதல் நாளில் இருந்து யுத்தநிறுத்தம் வரைக்கும் அதே வீடு, அதே அடுப்பு, நீ செய்த கட்டில் உன்னோடே இருக்கும். நகரத்து முற்றுகை அப்படித்தான் இருந்திருக்கும், சரயேவோ சனத்துக்கு அது உண்மை. எங்களுக்குத் தெரிந்த போர் வேறு. கூரைத் தகரத்தைக் கழற்றி, கதவு நிலையைப் பிடுங்கி, நெல் மூட்டையோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, போன இடத்தில் திரும்பவும் கொட்டில் போட்டு, பங்கர் வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி, மண் போட்டு முடித்த கையோடு திரும்பவும் ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் பெட்டியில் ஏறுகிற சாமான் குறையும், எதை விட்டுவிட்டுப் போவது என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேள்வி. முதலில் கட்டில், பிறகு தையல் மெஷின், பிறகு தகரம். கடைசியில் பெட்டியே இல்லை. அந்தக் கேமில் பை சிறியது, என்ன எடுத்து வருவது என்று யோசிக்க வைக்கிறது. எதை விட்டுவிட்டுப் போவது என்று அது ஒருமுறையும் கேட்கவில்லை. அதோடு நாலு பேர் ஒரு வீட்டுக்குள் அமைதியாக இருக்கிற போர் அது, எங்கள் போர் ஒரு ரோட்டில் பல ஊர்ச் சனம். அந்தக் கேம் முதலில் வந்தபோது அதில் பிள்ளைகளே இல்லை, 2016இல்தான் தனியாகச் சேர்த்தார்கள். பிள்ளைகள் இல்லாத போர் எங்கே நடக்கும்?

அதனால் நீங்கள் நடுவில் நிறுத்தினதற்கு ரசனைக் குறைவு காரணம் இல்லை. மச்சாளிடம் சொல்லுங்கள், தெரியாதவர்களுக்கு அது நல்ல கேம். அவளையே விளையாடச் சொல்லுங்கள்.

கேள்வி (மல்லாவி வாசகர்): வெண்பா என்ற கேம் தமிழ்க் கேம் என்பதால் மட்டும் ஆகா ஓகோ என்கிறோமா?

பதில்: கொஞ்சம் அப்படித்தான், ஆனால் புகழ்ந்தது நாங்கள் மட்டும் இல்லையே. டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, அடுத்த வருஷம் அறிமுகக் கேமுக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது எடுத்தது. எண்பதுகளில் தமிழ்நாட்டில் இருந்து கனடா போன ஒரு குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மாவுடைய பழைய சமையல் கொப்பி கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விட்டுப்போன இடத்தை யோசித்து இட்லி தட்டை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கதை எனக்குப் பிடித்தது. மகன் வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிற இடம் புலம்பெயர்ந்த எந்த வீட்டுக்கும் பொருந்தும். கேம் என்று பார்த்தால் மெலிசு. ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும், புதிர்கள் சின்னப் பிள்ளைக்கும் கடினமில்லை, பிழைத்தால் திரும்பச் செய்யலாம். அதைக் குறையாகச் சொன்ன வெள்ளைக்கார விமர்சகரை எங்கள் ஆட்கள் வறுத்தெடுத்தது தேவையில்லாத வேலை, அவர் சொன்னது நியாயம். அப்புறம் புட்டு. அதில் புட்டைக் குழலில் அவிக்கிறார்கள். என் அம்மம்மா பார்த்திருந்தால் பனையோலை நீத்துப்பெட்டி எங்கே என்று கேட்டிருப்பா. அது கேமின் குற்றம் இல்லை, அந்தக் குடும்பம் எங்கள் ஊர்க் குடும்பம் இல்லை. எங்கள் ஊர்ப் புட்டு வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பெடியள்தான் செய்ய வேண்டும்.

கேள்வி (துணுக்காய் வாசகர்): நோக்கியாவில் இருந்த பாம்பு கேம்?

பதில்: 1997இல் 6110 போனில் வந்தது. புகழும் சரி, கேமும் சரி. அடுத்தது.

கேள்வி (பரந்தன் வாசகர்): எல்லாரையும் பிடித்துத் திட்டுகிறீர்கள். யாரும் மதிக்காத, ஆனால் உங்களுக்குப் பிடித்த ஒரு கேமைச் சொல்லுங்கள், நாங்களும் திட்ட வேண்டும்.

பதில்: நீட் ஃபோர் ஸ்பீட் ப்ரோஸ்ட்ரீட், 2007இல் வந்த கார் ரேஸ் கேம். தாராளமாகத் திட்டுங்கள். அதே வரிசையில் 2005இல் மோஸ்ட் வான்டட் வந்து, பொலிஸ் துரத்த, வெள்ளி நிறமும் நீலமுமான அந்த பி.எம்.டபிள்யூவில் நகரம் முழுக்க ஓடித் திரிந்தவர்களுக்கு, இரண்டு வருஷத்தில் பொலிசும் இல்லை நகரமும் இல்லை, மூடின ரேஸ் மைதானத்தில் வெயிலுக்குள் ஓடு என்றால் கோபம் வரும்தானே. எனக்கு வரவில்லை. இதில் கார் அடிபட்டால் அடிபட்டதுதான், பம்பர் தொங்கும், திருத்தக் காசு போகும், அதனால் வளைவில் உண்மையிலேயே பயந்து பிரேக் போடுவேன். மோஸ்ட் வான்டட்டில் நான் பிரேக் போட்டதாக ஞாபகமே இல்லை, சுவரில் உரசிக்கொண்டே போய் வென்றிருக்கிறேன்.

நேர் ரோட்டில் ஓடுகிற டிராக் ரேஸுக்கு முன்னால் டயரைச் சூடாக்க விடுவார்கள், ஊசியைப் பச்சைக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும், கூடக் கொடுத்தாலும் பிழை குறையக் கொடுத்தாலும் பிழை. அதற்கும் கீபோர்ட் சரிவராது, ஆனால் கிரிக்கெட் அளவுக்கு மோசமில்லை. கொப்பி கேட்டு எழுதாதீர்கள், என்னிடம் இருக்கிற டிவிடியில் கீறல்.